இக்காலுயிட்டிலிருந்து நூக்: கடலுக்கு அந்தப் பக்கம் போக எந்த வழி?

கனடாவின் நுனாவுட் பிரதேசத்துக்குத் தலைநகரம் இக்காலுயிட். பாஃபின் தீவில் இருக்கிறது, 2021 கணக்கெடுப்பின்படி ஏழாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான மக்கள். டேவிஸ் நீரிணைக்கு அந்தப் பக்கம், டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதியான கிரீன்லாந்தின் தலைநகரம் நூக், ஏறக்குறைய இருபதாயிரம் பேர். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 820 கி.மீ. தூரம் கணக்குப் போட்டுத் தரும் இணையதளங்களில் இரண்டு பெயரையும் கொடுத்தால், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரப் பயணம் என்று காட்டும்.

அந்த விடையில் தூரம் சரி. நேரம்தான் யாருக்கும் பயன்படாது. வருடத்தின் பெரும்பகுதியில் இந்த 820 கி.மீட்டரைக் கடக்க எட்டாயிரம் கி.மீட்டருக்கு மேல் பறக்க வேண்டியிருக்கிறது. நேர் விமானம் ஓடும் கோடை மாதங்களிலும்கூட, எல்லாருக்கும் அதுவே நல்ல வழி என்று சொல்லிவிட முடியாது. வடக்கில் பயணத்தை மணிக்கணக்கில் அளந்தால் ஏமாந்துபோவோம். விமானம் வாரத்தில் எந்தெந்தக் கிழமை வருகிறது, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். கீழே உள்ள வழிகளை அந்த அளவுகோலால்தான் ஒப்பிட்டிருக்கிறேன்.

முதலில் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஊரும் ஏறக்குறைய 64 பாகை வடக்கில், ஒரே கோட்டில் இருப்பதுபோல இருக்கின்றன. ஆர்க்டிக் வட்டத்துக்குள் இரண்டுமே இல்லை, அதற்குச் சற்றுத் தெற்கே. சுவரில் மாட்டும் வழக்கமான உலக வரைபடம் இந்த உயரத்தில் எல்லாவற்றையும் இரண்டு மடங்குக்கு மேல் இழுத்துப் பெரிதாக்கிவிடும். அதனால் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு நடுவில் பெரிய சமுத்திரம் கிடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் இங்கே ஒரு பாகை தீர்க்கரேகை என்பது 49 கி.மீ. மட்டுமே; நிலநடுக்கோட்டில் அது 111 கி.மீ. பூமியின் வளைவை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய பாதைக்கும், நேர் கிழக்காகவே போனால் ஆகும் தூரத்துக்கும் இந்தத் தடத்தில் இரண்டு கி.மீ. அளவுதான் வித்தியாசம். ஆகவே தூரத்தில் குழப்பம் எதுவும் இல்லை.

நேரக் கணக்கு எங்கே தவறுகிறது? அந்த இணையதளங்கள் எல்லா விமானத்தையும் பெரிய ஜெட் என்று நினைத்து மணிக்கு 800 கி.மீ. வேகத்தைப் போட்டு, ஏற இறங்க அரை மணி சேர்க்கின்றன. இந்தத் தடத்தில் ஓடுவது ஏர் கிரீன்லாந்தின் டேஷ் 8. இரண்டு காற்றாடி இயந்திரங்கள், 37 இருக்கைகள், மணிக்கு 500 கி.மீட்டரை ஒட்டிய வேகம். ஆக, சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். மேற்கிலிருந்து வீசும் காற்று பலமாக இருந்தால், நூக்கிலிருந்து திரும்பி வருவதற்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

கடிகாரம் தரும் வேடிக்கை வேறு இருக்கிறது. 2023இல் கிரீன்லாந்து தன் நேர மண்டலத்தை ஒரு மணி நேரம் கிழக்கே நகர்த்திக்கொண்டது. அதிலிருந்து, கோடைகால நேரம் மாறும் சில வாரங்களைத் தவிர, நூக் இக்காலுயிட்டைவிட மூன்று மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இக்காலுயிட்டில் நண்பகலில் ஏறினால் நூக்கில் மாலை ஐந்து மணிக்கு இறங்கலாம். நூக்கில் நண்பகலில் ஏறினாலோ இக்காலுயிட்டில் காலை பதினொன்றுக்கு, அதாவது கிளம்பிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, வந்து சேர்ந்துவிடலாம். பயணச்சீட்டில் புறப்பாடு, வருகை இரண்டையும் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்கிறவர்கள் இங்கே தலையைச் சொறிய வேண்டியதுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

நேர் விமானம்

இந்தத் தடம் வரும், போகும். 2012 கோடையில் ஏர் கிரீன்லாந்து நூக்கிலிருந்து இக்காலுயிட்டுக்குப் பறக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. பிறகு சுமார் பத்து வருடம் ஒன்றும் இல்லை. 2024 ஜூனில், கனடியன் நார்த் நிறுவனத்தோடு சேர்ந்து, வாரம் ஒரு முறை என்று கோடைகாலச் சேவையாக மறுபடி ஆரம்பித்தார்கள். ஏன் இப்படி நின்று நின்று ஓடுகிறது என்று கேட்டால், ஆள் குறைவுதான் காரணம். இரண்டு பக்கமும் சேர்ந்து முப்பதாயிரம் பேர்கூட இல்லாத இரண்டு நகரங்கள். இரு பக்கமும் வடக்கின் பூர்வகுடிகளான இன்யூட் மக்கள், பேச்சும் பண்பாடும் நெருக்கமானவை, உறவுகள் இருக்கின்றன. 2002இல் ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளை நூக்கும் இக்காலுயிட்டும் சேர்ந்தே நடத்தின. ஆனாலும் தினசரி வியாபாரம், படிப்பு, மருத்துவம் என்று எல்லாம் இக்காலுயிட்டுக்குத் தெற்கே ஒட்டாவாவை நோக்கியும், நூக்குக்குக் கிழக்கே டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனை நோக்கியும் போகின்றன. விமானத் தடங்களும் அந்தப் பழைய ஆட்சிக் கோடுகளின் வழியேதான் விழுந்திருக்கின்றன.

வாரம் ஒரு விமானம் என்பதன் முழு அர்த்தத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். போகும் விமானமே சற்று நேரத்தில் திரும்பிவிடும். ஆகவே நேர் விமானத்தில் போய் நேர் விமானத்திலேயே வர வேண்டுமென்றால் நூக்கில் ஒரு வாரம் தங்கியே ஆக வேண்டும். மூன்று நாள் வேலைக்கு, இரண்டு நாள் கூட்டத்துக்கு என்று போக வழியே இல்லை. இரண்டு மணி நேரப் பயணத்தைச் சொல்லி ஆசைகாட்டும் வழி, உண்மையில் எட்டு நாள் நாட்காட்டியைப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது வானிலை. நூக் விமான நிலையம் மலைகளும் கடற்கரையும் சேரும் இடத்தில் இருக்கிறது. கோடையில் கடலிலிருந்து மூடுபனி ஏறும், மற்ற காலங்களில் காற்றும் பனிப்பொழிவும். இறங்க முடியாவிட்டால் விமானம் சுமார் 320 கி.மீ. வடக்கே உள்ள கங்கர்லுசுவாக்குக்குப் போகலாம்; இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் கட்டிய விமானத் தளம் அது, உள்நாட்டில், நிலத்துக்குள் நீளமாகப் புகுந்த கடற்கழியின் (ஃபியோர்டு) முனையில் இருப்பதால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அல்லது கிளம்பிய இடத்துக்கே திரும்பலாம். கடலுக்கு நடுவே இறங்க வேறு இடம் இல்லை என்பதால் அதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். சிறிய விமானத்தில் எரிபொருள் எடை கூடினால் ஆளோ பெட்டியோ குறைய வேண்டும். இருக்கை 37 என்பதை வைத்து 37 பேரும் கைநிறைய மூட்டையோடு போவார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ரத்தானால் தினசரித் தடத்தில் மறுநாள் போய்விடலாம். இங்கே நிறுவனம் தனி விமானம் விட்டால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வாரம்.

இவ்வளவு குறை சொன்னாலும், இக்காலுயிட்டில் வசிப்பவருக்கு நேர் விமானத்தின் மேல் எனக்குச் சாய்வு உண்டு. காரணம் ஒட்டாவாவைத் தவிர்க்க முடிகிறது. இக்காலுயிட்டிலிருந்து ஒட்டாவாவுக்கு 2,100 கி.மீ., மூன்று மணி நேரத்துக்கு மேல். நுனாவுட்டின் 25 ஊர்களில் எதற்கும் வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பு கிடையாது, ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும்கூடக் கிடையாது. அதனால் இந்தத் தெற்குத் தடத்தின் கட்டணம் வடக்கு மக்கள் ஓயாமல் புலம்பும் விஷயம். அட்டவணை விமானங்களில் போகும் மற்ற எல்லா வழியும் இந்தத் தடத்தில் ஏறித்தான் தொடங்குகின்றன.

ஐஸ்லாந்து வழி

இக்காலுயிட், ஒட்டாவா, டொராண்டோ, ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையம், நூக். தூரத்தைக் கூட்டினால் 2,100, பிறகு 365, பிறகு 4,170, கடைசியாக 1,400: மொத்தம் எட்டாயிரம் கி.மீட்டரைத் தாண்டும், நேர்த்தூரத்தைப் போலப் பத்து மடங்கு. கிரீன்லாந்தின் மேலே பறந்து கிழக்கே போய், அப்புறம் அதே கிரீன்லாந்துக்கு மேற்கே திரும்பி வருகிறோம். படத்தில் வரைந்து பார்த்தால் சிரிப்பு வரும்.

ஆனால் நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் இது அவ்வளவு மோசமில்லை. ஒட்டாவாவுக்குத் தினமும் விமானம் உண்டு. டொராண்டோவிலிருந்து ஐஸ்லாண்ட் ஏர் இரவில் கிளம்பி மறுநாள் காலையில் கெஃப்லாவிக்கில் இறக்கிவிடும். அங்கிருந்து நூக்குக்கு வாரத்தில் பல நாட்கள் சேவை. எல்லாம் பொருந்தி வந்தால் ஒன்றரை நாள், பொருந்தாவிட்டால் இரண்டு நாள். ஒட்டாவாவிலோ டொராண்டோவிலோ ஓர் இரவு தங்குவதை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது. இக்காலுயிட்டில் பனிப்புயல் ஒரு விமானத்தைத் தாமதமாக்கினால் அதன் பின்னால் வரும் மூன்று இணைப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழும்.

இரண்டு நாள் கூட்டம் ஒன்றுக்கு இந்த வழியில் போனால் போக இரண்டு, இருக்க இரண்டு, வர இரண்டு என்று ஆறு நாள். நேர் விமானத்தில் எட்டு நாள். எட்டாயிரத்துக்கும் எண்ணூற்றிருபதுக்கும் உள்ள அந்தப் பெரிய வித்தியாசம் கடைசியில் இரண்டே நாளில் வந்து நிற்கிறது, அதுவும் தலைகீழாக. செலவுக் கணக்கு வேறு: ஐஸ்லாந்து வழியில் பணம் விமானச் சீட்டுக்குப் போகும், நேர் வழியில் நூக்கின் ஹோட்டலுக்குப் போகும். நூக்கில் தங்க உறவினர் வீடு இருப்பவருக்கு இந்தக் கேள்வி எழவே எழாது. கூட்டத்துக்குப் போகும் அரசு ஊழியருக்கு எழும்.

உடம்பு படும் பாட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவு விமானத்தில் சரியாகத் தூங்காமல், கோடையில் டொராண்டோவைவிட நேரம் நான்கு மணி முன்னால் ஓடும் ஐஸ்லாந்தில் இறங்கி, மறுபடி ஒரு மணி பின்னால் வந்து நூக்கில் இறங்குகிறவர் அன்றைக்கு எந்தக் கூட்டத்திலும் உருப்படியாகப் பேசப்போவதில்லை. ஆறு நாள் என்பதை ஆறரையாக வைத்துக்கொள்ளலாம்.

நியூவார்க் வழி

இது புதிது. 2024 நவம்பர் 28 அன்று நூக்கில் 2,200 மீட்டர் நீள ஓடுதளம் திறக்கப்பட்டது. அதற்கு முன் இருந்தது ஒரு கி.மீட்டரைக்கூட எட்டாத ஓடுதளம்; டேஷ் 8 போன்ற சிறிய விமானம்தான் இறங்க முடியும். வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய விமானங்கள் கங்கர்லுசுவாக்கில் இறங்கும், பயணிகள் அங்கே மாறி ஏறி நூக்குக்கு வருவார்கள். புதிய ஓடுதளம் அந்தச் சங்கிலியை அறுத்தது. 2025 ஜூனில் யுனைடெட் ஏர்லைன்ஸ் நியூயார்க் பக்கத்து நியூவார்க்கிலிருந்து கோடைகாலத்தில் வாரம் இரண்டு முறை போயிங் 737 மேக்ஸ் விமானத்தை விட்டது. தூரம் சுமார் 3,000 கி.மீ., நேரம் நான்கு மணியை ஒட்டி.

இக்காலுயிட்டிலிருந்து ஒட்டாவா, நியூவார்க், நூக் என்று போனால் மொத்தம் 5,600 கி.மீ. ஐஸ்லாந்து வழியைவிடக் குறைவு, இரவு விமானமும் இல்லை. காகிதத்தில் இது நேர் விமானத்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில் வந்து நிற்கும் நல்ல வழி. எனக்கு ஏனோ இதன் மேல் நம்பிக்கை வரவில்லை. வாரம் இரண்டு முறை, கோடையில் மட்டும். ஆகவே நேர் விமானத்தின் நாட்காட்டிச் சிக்கல் பாதி இங்கேயும் உண்டு, அதோடு ஒட்டாவா தடத்தின் செலவும் சேர்ந்துகொள்கிறது. நேர் விமானம் இல்லாத மாதங்களில் இதுவும் இல்லை. 2025 ஆகஸ்டில் நூக்கில் பாதுகாப்புச் சோதனைப் பணியாளர்களின் பயிற்சி போதவில்லை என்று டென்மார்க் அதிகாரிகள் கண்டறிந்ததில் சர்வதேச விமானங்கள் பாதிக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் நியூவார்க்கிலிருந்து வந்த விமானம் ஒன்று வழியிலேயே திரும்ப நேர்ந்தது. புதிய நிலையத்தில் இப்படித் தொடக்கத் தடுமாற்றங்கள் இருக்கும், போகப்போகச் சரியாகும். வாரம் இரண்டு முறை மட்டும் வரும் விமானத்தை நம்பியிருப்பவருக்கு அந்தத் தடுமாற்றம் அதிக விலை.

இந்த வழியில் இன்னொரு சிக்கல், வடக்கு மக்களுக்கே உரியது. ஒட்டாவா விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடிநுழைவு, சுங்கச் சோதனை முடிந்துவிடும். அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுக் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், சீல் தோலில் செய்த பொருட்களை நாட்டுக்குள் கொண்டுவருவதைத் தடுக்கிறது. இக்காலுயிட்டில் சீல் தோல் கையுறையும் காலணியும் மேலங்கியும் தினசரி உடுப்பு, நூக்கிலும் அப்படியே. கனடா, கிரீன்லாந்துப் பூர்வகுடிகள் தங்கள் சொந்தப் பொருளை வியாபார நோக்கமில்லாமல் பயணத்தில் கொண்டுபோக அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் பூர்வகுடி அல்லாதவர் போட்டிருக்கும் கையுறையை மூன்றாவது நாட்டின் சுங்க மேசையில் விட்டுவிட்டுப் போக நேரலாம். அவர் பரிசாகக் கொண்டுபோகும் காலணிக்கும் அதே கதி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் சீல் பொருட்களுக்குத் தடை உண்டு, ஆனால் இன்யூட் சமூகங்கள் வேட்டையாடியதற்கு அங்கே விலக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வழியில் போகிறவர்கள் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கோபன்ஹேகன் வழி

தூரத்தில் இதுதான் மிக மோசம். டொராண்டோவிலிருந்து கோபன்ஹேகன் 6,270 கி.மீ., அங்கிருந்து நூக் 3,540 கி.மீ. இக்காலுயிட்டிலிருந்து மொத்தம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும், நேர்த்தூரத்தைப் போலப் பதினைந்து மடங்கு. அட்லாண்டிக்கை முழுதாக இரண்டு முறை கடக்கிறோம்.

ஆனால் நூக்குக்கு வருடம் முழுக்க மாறாமல் ஓடும் தடம் இது. ஏர் கிரீன்லாந்தின் ஏர்பஸ் ஏ330 பெரிய விமானம் கோபன்ஹேகனுக்கும் நூக்குக்கும் இடையே ஓடுகிறது. டென்மார்க்குக்கும் கிரீன்லாந்துக்கும் உள்ள உறவு எப்படி இருந்தாலும் மாணவர், நோயாளி, அதிகாரி, சரக்கு எல்லாம் இந்த வழியில்தான் போய் வருகின்றன. ஜனவரியில் நூக் போக வேண்டும், ஐஸ்லாந்து இணைப்பு அந்த வாரம் பொருந்தவில்லை என்றால் கடைசியில் கை கொடுப்பது இதுதான். மற்ற நாளில் இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

வாடகை விமானம், கப்பல்

இக்காலுயிட்டில் வாடகை விமானங்கள் உண்டு. கிங் ஏர் போன்ற சிறிய காற்றாடி விமானம் நேர் விமானத்தின் நேரத்திலேயே நூக்கைத் தொடும். இன்னும் மெதுவான ட்வின் ஆட்டர் விமானம் என்றால் மூன்று மணி நேரம் பிடிக்கும். தனி ஆளாகப் போகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை, காலியாகத் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். ஆனால் எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழு, நிலையான தேதி, மூன்று நாள் வேலை என்றால் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பத்துப் பேருக்கு ஐஸ்லாந்து வழியில் சீட்டும் இடையில் தங்கும் செலவும், ஒவ்வொருவருக்கும் வீணாகும் நான்கு வேலைநாளும் சேர்த்தால் வாடகை விமானம் பயமுறுத்தும் தொகையாகத் தெரியாது. அலுவலகங்கள் இந்த வேலைநாள் செலவைக் கணக்கில் எழுதுவதே இல்லை, சீட்டு விலையை மட்டும் பார்த்து மலிவானதைத் தேர்ந்தெடுக்கின்றன.

கப்பலில் போக முடியுமா என்று சிலர் கேட்பார்கள். பயணிகள் படகுச் சேவை இல்லை. கோடையில் உல்லாசக் கப்பல்கள் கடக்கும், அது சுற்றுலா. அவ்வளவுதான்.

எங்கிருந்து கிளம்புகிறோம்

இதுவரை இக்காலுயிட்டில் இருப்பவரை மனதில் வைத்துச் சொன்னேன். டொராண்டோவில் இருப்பவருக்குப் படம் முழுக்க மாறும். ஒட்டாவா, இக்காலுயிட், நூக் என்று வடக்கே ஏறிக் கடக்க 3,300 கி.மீ.; நியூவார்க் வழியாக 3,550 கி.மீ.; ஐஸ்லாந்து வழியாக 5,600 கி.மீ. முதல் இரண்டும் தூரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். இக்காலுயிட்டைப் பார்க்கும் ஆசை இருந்தால் முதல் வழி, அதுவும் போகும்போது மட்டும். வடக்குத் தடத்தின் கட்டணத்தை இரண்டு முறை கட்டத் தேவையில்லை. டொராண்டோவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கடவுச்சீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடியக் குடியுரிமை பெற்றவருக்குக் கிரீன்லாந்தில் 90 நாள் வரை விசா வேண்டாம். கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு மட்டும் பெற்று இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கையில் இருக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது. கிரீன்லாந்து ஷெங்கன் பகுதியில் இல்லை, கிரீன்லாந்துக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட விசாவை டென்மார்க் தர வேண்டும். நியூவார்க் வழியில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா தனியாக வேண்டும். கனடாவுக்கு ஒருமுறை நுழைய மட்டும் விசா வாங்கி வந்திருக்கும் பெற்றோரை நூக்குக்கு அழைத்துப்போனால் திரும்பி வரும்போது வாசலில் நிற்பார்கள். அமெரிக்காவுக்கு மட்டும் போய்த் திரும்புகிறவருக்கு உள்ள சலுகை கிரீன்லாந்துக்குக் கிடையாது.

இதைவிடக் கொடுமையான ஜோடி ஒன்று இன்னும் வடக்கே இருக்கிறது. நுனாவுட்டின் வடகோடி ஊரான கிரைஸ் ஃபியோர்டுக்கும் கிரீன்லாந்தின் வடமேற்கில் உள்ள கானாக்குக்கும் இடையே நேர்த்தூரம் 360 கி.மீ. மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஃபின் தீவுப் பக்கத்திலிருந்து கில்லாக் என்ற தலைவர் ஒரு குழுவை நாய் வண்டிகளில் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இன்றைக்கு அட்டவணை விமானங்களில் போவதென்றால் ரெசலூட், இக்காலுயிட், ஒட்டாவா, டொராண்டோ, கெஃப்லாவிக், நூக், இலுலிசாட் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். அதோடு ஒப்பிட்டால் இக்காலுயிட்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

என் தீர்ப்பு

கோடையில், தேதி உங்கள் கையில், ஒரு வாரம் தங்க முடியும் என்றால் நேர் விமானம். இரண்டாம் யோசனையே வேண்டாம். ஆனால் அந்த வருடத்துக்கான அட்டவணை வெளிவந்து, சீட்டு உறுதியான பிறகே ஹோட்டலுக்குப் பணம் கட்ட வேண்டும். இந்தத் தடம் ஒருமுறை நின்று பத்து வருடம் கழித்து வந்தது என்பதை மறக்கக் கூடாது.

கோடையில், ஆனால் தேதி வேறொருவர் கையில் என்றால் கலப்பு வழி. வாரத்தில் ஒரு நாள் வரும் நேர் விமானம் எந்தப் பக்கத்தில் உங்கள் தேதியோடு ஒட்டுகிறதோ அந்தப் பக்கம் அதில் போகலாம், மறுபக்கம் ஐஸ்லாந்து வழியாக வரலாம். போகும்போது நேர் விமானத்தை வைத்துக்கொண்டால் கூட்டத்துக்கு மூன்று நாலு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தின நாள்தான் இறங்குவோம் என்ற நிலையில், ஒரு மூடுபனி போதும், கூட்டம் முடிந்த பிறகு போய்ச் சேர. திரும்பும்போது தவறினால் அவ்வளவு நஷ்டம் இல்லை, வீட்டுக்குத் தாமதமாக வருவோம். அதனால் கட்டாயத் தேதி உள்ளவருக்கு நான் சொல்வது: போக ஐஸ்லாந்து, வர நேர் விமானம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போகும் அவசரத்தில் குறுகிய வழியைப் பிடித்து, வரும்போது நிதானமாகச் சுற்றுகிறார்கள்.

அக்டோபர் கடைசியிலிருந்து அடுத்த கோடை வரை யோசிக்க ஒன்றும் இல்லை. ஐஸ்லாந்து, அது பொருந்தாவிட்டால் கோபன்ஹேகன்.

கலப்பு வழியில் போகிறவர்கள் சீட்டு எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா விமானங்களையும் ஒரே பதிவில் வாங்க முடிந்தால், கொஞ்சம் கூடுதலானாலும் அப்படியே வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால், இக்காலுயிட் விமானம் தாமதமாகி டொராண்டோவில் இரவு விமானத்தைத் தவறவிடும்போது அந்த நிறுவனத்துக்கு உங்கள் மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. புதிய சீட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். தனித்தனியாகத்தான் வாங்க முடிகிறது என்றால் ஒட்டாவாவில் ஒரு முழு இரவு இடைவெளி வையுங்கள், அந்த ஹோட்டல் செலவையும் சீட்டு விலையோடு கூட்டிய பிறகு மறுபடி நேர் விமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.